முட்டுக்கட்டை போடுகிறவர்



(சற்று நீளமான பதிவு. வகுப்பில் உட்கார்ந்தது போலப் பொறுமையாகப் படியுங்கள். கடைசியில் வீட்டுப்பாடமும் உண்டு.)

மழைக்காலம் வந்துவிட்டால் நம் குழுவில் ஒரே மாதிரி காணொளிகள் வரத் தொடங்கிவிடும். கரிசலில் புதைந்த கார், ஓடையில் நின்றுபோன வேன், பள்ளத்தில் இறங்கிய ஆட்டோ. சுற்றிலும் இருபது பேர். ஆளுக்கொரு யோசனை. அண்மையில் வந்த ஒன்றில், டிராக்டர் கயிற்றைக் கட்டி ஒரு காரை இழுக்கிறது. கயிறு விறைத்து நிற்கிறது. அந்தக் கயிற்றுக்குப் பக்கத்திலேயே ஒரு பையன் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டிருக்கிறான். கார் வெளியே வந்ததும் எல்லோரும் கைதட்டினார்கள். குழுவிலும் கைதட்டல் படங்கள் குவிந்தன. எனக்குக் கை வரவில்லை. அந்தப் பையன் நின்ற இடம்தான் கண்ணில் நின்றது.

சிக்கிய வண்டியை வெளியே எடுப்பது நமக்குப் புதிய வேலை இல்லை. நம் ஊர்க்காரர்களுக்கு அதில் பல நூற்றாண்டு அனுபவம் இருக்கிறது. ஆண்டுதோறும் ஆடிப்பூரத்தன்று அதை நாம் கண்ணால் பார்க்கிறோம். ஆனால் பார்க்க வேண்டியதைப் பார்ப்பதில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயில் தேரோட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். நம் கண் எங்கே போகும்? மேலே அலங்காரத்துக்கு, உள்ளே ஆண்டாள் ரங்கமன்னாருக்கு, பிறகு வடம் பிடிக்கும் ஆயிரக்கணக்கான கைகளுக்கு. சக்கரத்துக்குப் பக்கத்தில் குனிந்தபடி, கையில் மரக்கட்டையோடு நடக்கும் சிலரை யாரும் கவனிப்பதில்லை. அவர்கள்தான் முட்டுக்கட்டை போடுகிறவர்கள். சக்கரத்தின் முன்னால் ஆப்பு வடிவக் கட்டையைச் செருகித் தேரை நிறுத்துவதும், கட்டையைச் சற்றுச் சாய்வாக வைத்துத் தேரை இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ திருப்புவதும் அவர்கள் வேலை. ஸ்டியரிங்கும் பிரேக்கும் அந்தக் கட்டைதான்.

தேர் அசையாமல் நின்றுவிட்டால் வேறு சிலர் வருவார்கள். பின்சக்கரத்தின் அடியில் நீண்ட மரத்தடியைக் கொடுத்து, அதன் மறுமுனையில் பலர் சேர்ந்து அழுத்தி நெம்புவார்கள். ஆறாம் வகுப்பில் நெம்புகோல் பாடம் நடத்தும்போது கரும்பலகையில் படம் போடுவேன். உண்மையான படம் ரதவீதியில்தான் இருக்கிறது. நெம்பும் நேரமும் வடம் இழுக்கும் நேரமும் ஒன்றாக இருக்க வேண்டும். அதற்காகத் தேரின் மேல் நிற்கும் ஒருவர் துணியை வீசிக் காட்டுவார். ஆயிரம் பேர் இழுத்தாலும் சைகை ஒருவருடையதுதான்.

ஆக, ஒரு பெரிய வண்டியை அசைக்க நம் முன்னோர் நான்கு வேலைகளைப் பிரித்து வைத்தார்கள். இழுப்பவர், நெம்புபவர், நிறுத்துபவர், சைகை காட்டுபவர். இந்த நான்கில் தவறினால் உயிர் போவது நிறுத்துபவரிடம்தான். ஆனால் நம் மொழி அவருக்குச் செய்த மரியாதையைப் பாருங்கள். 'நல்ல காரியத்துக்கு முட்டுக்கட்டை போடாதே' என்று அவர் தொழிலையே வசைச்சொல்லாக்கிவிட்டோம்!

இனி வரலாற்றுக்கு வருகிறேன்.

உங்கள் தாத்தா பாட்டியைக் கேட்டுப் பாருங்கள். மரச்சக்கரம் இருந்த காலத்தில் நம் தேர் நான்கு வீதியையும் சுற்றி நிலைக்கு வந்து சேரப் பல நாட்கள் ஆகும். வழியில் எங்கே நின்றதோ அங்கேயே நிற்கும். மறுநாள் மீண்டும் கூட்டம் கூடி இழுக்க வேண்டும். பிறகு இரும்புச் சக்கரமும், இரும்பு அச்சும், ஹைட்ராலிக் பிரேக்கும் வந்தன. இப்போது காலையில் புறப்படும் தேர் அன்றைக்கே நிலைக்கு வந்துவிடுகிறது.

திருவாரூர் ஆழித்தேரின் கதையும் இதே போன்றது. தமிழ்நாட்டின் மிகப்பெரிய தேர் அது. 1948-க்குப் பிறகு ஓடாமல் நின்றுபோன அந்தத் தேர், மு. கருணாநிதி முதலமைச்சராக இருந்தபோது 1970-இல்தான் மீண்டும் ஓடியது. பின்னாலிருந்து தள்ள புல்டோசர்களைப் பயன்படுத்தினார்கள். திருச்சி பெல் தொழிற்சாலை அந்தத் தேருக்கு இரும்பு அச்சும் ஹைட்ராலிக் பிரேக்கும் செய்து கொடுத்தது.

இதில் ஒரு விஷயத்தை யோசித்துப் பாருங்கள். பல நாள் வேலை ஒரு நாள் வேலையாகச் சுருங்கியபோது, தேருக்கு நாம் எஞ்சின் பொருத்தவில்லை. வடம் பிடிப்பவர்கள் அதே பக்தர்கள்தான். சேர்த்துக் கொடுத்தது நன்றாக உருளும் சக்கரமும், நினைத்த இடத்தில் நிறுத்தும் பிரேக்கும். நிறுத்த முடியும் என்ற உறுதி இருந்தால்தான் தைரியமாக இழுக்க முடியும். இந்தப் பதிவில் நான் சொல்ல வருவது இந்த ஒன்றைத்தான். சிக்கிய வண்டியை எடுக்கும்போது எல்லோரும் இழுக்கும் பலத்தைப் பற்றியே பேசுகிறோம். முதலில் பேச வேண்டியது நிறுத்துவதைப் பற்றி.

தேர் நமக்கு வேறு பாடங்களும் சொல்லித் தந்திருக்கிறது. சில பாடங்களுக்கு நாம் கொடுத்த விலை பெரிது.

2022 ஏப்ரல் 27 அதிகாலை. தஞ்சாவூர் அருகே களிமேட்டில் அப்பர் சதய விழாத் தேர் உயரழுத்த மின்கம்பியில் பட்டு 11 பேர் இறந்தார்கள். அதே ஆண்டு ஜூன் மாதம் தர்மபுரி மாவட்டம் மாதேஹள்ளியில் காளியம்மன் கோயில் தேர் அச்சு முறிந்து கவிழ்ந்து இரண்டு பேர் இறந்தார்கள். 2024 ஜூன் மாதம் நெல்லையப்பர் தேரோட்டத்தில் வடம் ஒருமுறை அல்ல, அடுத்தடுத்து அறுந்தது.

மேலே கம்பி, கீழே அச்சு, முன்னே கயிறு. வண்டியை இழுக்கும் முன் பார்க்க வேண்டிய மூன்று இடங்களும் இவைதான். தேருக்கும் இவைதான், நம் வீட்டு மாருதிக்கும் இவைதான். கிரேன் கொண்டு காரைத் தூக்கும்போது மேலே மின்கம்பி போகிறதா என்று அண்ணாந்து பார்க்கிறவர்கள் எத்தனை பேர்?

தேர் ஊருக்குச் சொந்தமான வண்டி. வீட்டுக்குச் சொந்தமான வண்டி என்றால், போன தலைமுறை வரைக்கும் மாட்டுவண்டிதான். அதன் கதை இன்னும் பழையது.

புறநானூற்றின் 102-ஆம் பாடல், அதியமானின் மகன் பொகுட்டெழினியைப் பற்றி ஔவையார் பாடியது. அதில் உப்பு வணிகர்களான உமணர்கள் வருகிறார்கள். மேடும் பள்ளமுமாக நீண்ட வழி. வழியில் என்ன ஆகுமோ யாருக்குத் தெரியும் என்று, வண்டியின் அடியில் இன்னோர் அச்சைக் கட்டிக்கொண்டு போகிறார்கள். அதற்குப் பெயரே 'சேம அச்சு'. ஆபத்துக் காலத்தில் காக்கும் மன்னனுக்கு அதை உவமையாக்குகிறார் ஔவை. சேமிப்பு, சேமநிதி என்கிறோமே, அதே சேமம்தான். சங்க காலத்து வண்டிக்காரனிடம் மாற்று அச்சு இருந்திருக்கிறது!

இன்றைக்கு அதே வேலையைச் செய்வதை 'ஸ்டெப்னி' என்கிறோம். அது ஒரு தெருவின் பெயர் என்று உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? இங்கிலாந்துக்குப் பக்கத்து வேல்ஸ் நாட்டில் லனெல்லி என்ற ஊரில் உள்ள தெரு. அந்தக் காலத்து மோட்டார் கார்களில் மாற்றுச் சக்கரம் கிடையாது. பஞ்சர் ஆனால் நடுவழியில் உட்கார்ந்து ஒட்ட வேண்டியதுதான். 1904-இல் டேவீஸ் சகோதரர்கள் அந்தத் தெருவில் மாற்றுச் சக்கரம் செய்து விற்கத் தொடங்கினார்கள். தெருப் பெயர் சக்கரத்துக்கு ஒட்டிக்கொண்டது. உமணர்கள் எப்போதோ கண்டுபிடித்த யோசனை, மோட்டார் உலகத்துக்கு 1904-இல்தான் வந்து சேர்ந்தது.

நம் மதுரையிலிருந்தும் ஒரு செய்தி. டி.வி. சுந்தரம் ஐயங்கார் பேருந்து ஓட்டத் தொடங்கிய காலத்தில் சாலையெங்கும் மாட்டுவண்டிகள். மாட்டின் லாடத்திலிருந்து விழுந்த ஆணிகள் சாலையில் கிடக்கும். பேருந்து டயர்கள் அடிக்கடி பஞ்சராகும். அவர் என்ன செய்தார் தெரியுமா? பெரிய காந்தத்தைக் கட்டிய ஒரு வண்டியைச் சாலையில் ஓட்டி ஆணிகளைப் பொறுக்கச் சொன்னார். நின்ற வண்டியை எப்படி இழுப்பது என்று யோசிப்பதைவிட, நிற்காமல் இருக்க என்ன செய்யலாம் என்று யோசிப்பது மேல். சேம அச்சு கட்டிய உமணர் புத்தியும் அந்தக் காந்தமும் ஒரே குடும்பம்தான்.

சரி, இவ்வளவு செய்தும் வண்டி புதைந்துவிட்டது. அந்தக் கால வண்டிக்காரர் என்ன செய்வார்? கரிசல்காட்டுப் பிள்ளைகள் பார்த்திருப்பீர்கள்.

முதலில் மாட்டை அடிக்க மாட்டார். இறங்கிப் போய்ச் சக்கரத்தைப் பார்ப்பார். பிறகு பாரத்தை இறக்குவார். மூட்டையை இறக்குவதற்குச் சோம்பல்பட்டு மாட்டை அடிக்கிறவனை ஊரே ஏசும். மூன்றாவதாக, சக்கரத்தின் முன்னால் உள்ள சேற்றை வெட்டிச் சரிவாக்குவார். பருத்திமாறு, சோளத்தட்டை, பனையோலை என்று கையில் கிடைத்ததை அடியில் போடுவார். அதற்குப் பிறகுதான் கை கொடுக்க ஆள் கூப்பிடுவார்.

கை கொடுப்பதிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. அனுபவசாலிகள் வண்டியின் பின்னால் போய்த் தள்ள மாட்டார்கள். சக்கரத்தின் மேல்பாதியில், வட்டையைப் பிடித்து முன்னோக்கி உருட்டுவார்கள். இதற்கு விளக்கம் இயற்பியலில் இருக்கிறது. தரையைத் தொடும் புள்ளிதான் சுழல்மையம். அங்கிருந்து அச்சுக்கு உள்ள தூரத்தைப் போல இரு மடங்கு தூரத்தில் இருக்கிறது சக்கரத்தின் உச்சி. அதனால் உச்சியில் கொடுக்கும் அதே விசைக்கு இரு மடங்கு பலன். படிக்காத மனிதர்கள் என்று நாம் சொல்கிற அவர்களுக்கு இது கையிலேயே இருந்தது. (காரில் இதைச் செய்து பார்க்காதீர்கள். எஞ்சின் சுற்றும் சக்கரத்துக்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோகவே கூடாது.)

கயிற்றைப் பற்றியும் அவர்களுக்குத் தெரியும். கமலை இறைத்த காலத்தில், விடியலில் மாட்டைப் பூட்டுமுன் வடத்தைக் கையால் தடவிப் பார்ப்பார்கள். ஒரு புரி அறுந்திருந்தாலும் அன்றைக்கு இறைப்பு கிடையாது.

இந்தப் பொறுமை மோட்டார் வந்த பிறகு குறைந்துவிட்டது. எஞ்சின் இருக்கிறதே, இழுத்துவிடலாம் என்ற எண்ணம் வந்தது. அந்த எண்ணத்துக்கு முதல் அடி விழுந்த கதை அமெரிக்காவில் நடந்தது.

1916-ஆம் ஆண்டு. டென்னசி மாநிலம் சட்டநூகா நகரம். ஓர் ஆசிரியரின் ஃபோர்டு கார் ஓடையில் கவிழ்ந்துவிட்டது. எர்னஸ்ட் ஹோம்ஸ் என்ற மெக்கானிக் ஆறு பேரைக் கூட்டிக்கொண்டு போனார். கயிறு, கட்டை எல்லாம் வைத்து இழுத்து, அந்தச் சின்னக் காரை மேலே கொண்டுவர எட்டு மணி நேரம் ஆயிற்று. நொந்துபோன ஹோம்ஸ், வீட்டுக்கு வந்து ஒரு பழைய காடிலாக் வண்டியின் மேல் மூன்று கம்பங்களை நட்டு, கப்பியையும் சங்கிலியையும் கட்டினார். உலகின் முதல் மீட்பு வண்டி அப்படிப் பிறந்தது என்று சொல்வார்கள். இன்று நாம் 'ரெக்கவரி வண்டி' என்று கூப்பிடுவதன் மூதாதை அது.

ஹோம்ஸ் பலத்தைக் கூட்டவில்லை, கப்பியைச் சேர்த்தார். ஓர் அசையும் கப்பி இருந்தால் பாதி விசை போதும். கயிறு மெதுவாக நகரும். மெதுவாக நகர்வதை நினைத்த இடத்தில் நிறுத்தலாம். அந்த ஊரில் இப்போது மீட்பு வண்டிகளுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. அதன் வெளியே ஒரு நினைவுச்சுவர். பிறர் வண்டியை மீட்கப் போய் உயிரை விட்டவர்களின் பெயர்கள் அதில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. இது எத்தனை ஆபத்தான வேலை என்று அந்தச் சுவர் சொல்கிறது.

இப்போது நம் கரிசலுக்கு வருவோம்.

கரிசல் மண் ஈரத்தில் உப்பும். காய்ந்தால் பாளம் பாளமாக வெடிக்கும். நனைந்த கரிசல் டயரின் பள்ளங்களில் அப்பிக்கொண்டால் டயர் வழுவழுவென்று ஆகிவிடும். மலையடிவாரத்தில், செண்பகத்தோப்புப் பக்கம் போனால் மண் வேறு. அங்கே ஓடை மணல். மணலில் சக்கரம் சுற்றச் சுற்றத் தனக்குத் தானே குழி தோண்டிக்கொள்ளும். இரண்டிலும் முதல் விதி ஒன்றுதான். சக்கரம் சுற்றுகிறது, வண்டி நகரவில்லை என்றால் உடனே காலை எடுத்துவிடுங்கள். நாலு முறை ஆக்சிலரேட்டரை மிதித்தால் நாலு அங்குலம் கூடுதலாகப் புதையும்.

கணக்குப் பிடித்தவர்களுக்கு ஒரு கணக்கு. 1,000 கிலோ எடையுள்ள காரைத் தார்ச்சாலையில் இரண்டு பேர் தள்ளிவிடலாம். 20 கிலோ அளவு விசையே போதும். அதே கார் சக்கரம் வரை சேற்றில் புதைந்தால், அதன் முழு எடைக்குச் சமமான விசை வேண்டும். மட்கார்டு வரை புதைந்தால் இரு மடங்கு, அதற்கும் மேலே போனால் மூன்று மடங்கு. இது அமெரிக்க ராணுவத்தார் வண்டி மீட்புக்கு வைத்திருக்கும் தோராயக் கணக்கு. ஆக, அரை மணி நேரம் மண்வெட்டியால் தோண்டினால், இழுக்க வேண்டிய விசை டன் கணக்கில் குறைகிறது. மண்வெட்டிதான் முதல் மீட்பு வண்டி.

தோண்டியும் வரவில்லை, டிராக்டரைக் கூப்பிட்டாயிற்று. இங்கேதான் உயிர் போகிற தவறுகள் நடக்கின்றன. கவனமாகப் படியுங்கள்.

விறைத்து நிற்கும் கயிறு, இழுத்துப் பிடித்த வில் போன்றது. நைலான் கயிறு நீளும். நீளும்போது ஆற்றலைச் சேர்த்து வைக்கும். அறுந்தால் அத்தனையும் ஒரு நொடியில் வெளியே வரும். முனையில் ஒரு கொக்கி இருந்தால் அது துப்பாக்கிக் குண்டு. அதனால் கயிற்றின் நீளத்தைப் போல ஒன்றரை மடங்கு தூரத்துக்குள் யாரும் நிற்கக் கூடாது. குழந்தைகள் கிட்டேயே வரக் கூடாது. கயிற்றைத் தாண்டக் கூடாது. கயிற்றின் நடுவில் நனைத்த சாக்கு ஒன்றையோ கனமான போர்வையையோ போட்டு வைத்தால், அறுந்தாலும் வீச்சு குறையும்.

கயிற்றை எங்கே கட்டுவது? பம்பரில் கட்டினால் பம்பர்தான் கையோடு வரும். ஒவ்வொரு காரிலும் இழுப்பதற்கென்றே வளையம் உண்டு. பல கார்களில் அதைக் கழற்றி ஜாக்கியோடு வைத்திருப்பார்கள். பம்பரில் ஒரு சின்ன மூடியைத் திறந்து, உள்ளே திருகி மாட்ட வேண்டும். முழுவதும் திருக வேண்டும். பாதி திருகி இழுத்தால் வளையமே குண்டாகிவிடும்.

டிராக்டரில் கட்டும்போது பின்பக்கம் தாழ்வாக இருக்கும் இழுவைக் கொக்கியில்தான் கட்ட வேண்டும். அச்சுக்கு மேலே, உயரமான இடத்தில் கட்டி இழுத்தால் டிராக்டரின் முன்சக்கரம் தூக்கிக்கொள்ளும். ஓட்டுபவர் மேலேயே மல்லாந்து விழும். கண் மூடித் திறப்பதற்குள் நடந்துவிடும்.

வெட்டி இழுக்காதீர்கள். கயிற்றின் தொய்வு மெல்ல எடுபட்டு, பிறகு சீராக இழுக்க வேண்டும். சைகை ஒருவர் மட்டும் கொடுக்க வேண்டும். மேட்டில் ஏற்றி இழுக்கும்போது, கார் பின்னோக்கி உருண்டால் தாங்குவதற்குக் கல்லோ கட்டையோ தயாராக இருக்க வேண்டும். வண்டி நின்றவுடன், முதலில் கட்டை, பிறகுதான் கயிற்றை அவிழ்ப்பது. செங்கோட்டை மலைப்பாதையில் லாரி நின்றால், வண்டி முழுதாக நிற்கும் முன்பே கிளீனர் கட்டையோடு குதிப்பதைப் பார்த்திருப்பீர்கள். தேர் முட்டுக்கட்டைக்காரரின் நேர் வாரிசு அந்தப் பையன்தான்.

மேலே வந்த வண்டியைப் பட்டறைக்கு இழுத்துப் போவதற்கும் சட்டம் உண்டு. 1989-இல் வந்த சாலை ஒழுங்குமுறைகளே இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டன. இரண்டு வண்டிக்கும் நடுவில் 5 மீட்டருக்கு மேல் இடைவெளி கூடாது. வேகம் 24 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. கயிறு மற்றவர் கண்ணுக்குத் தெளிவாகத் தெரிய வேண்டும். பின்வண்டியின் முதுகில், இது இழுக்கப்படும் வண்டி என்று 75 மில்லிமீட்டர் உயர எழுத்தில் அறிவிப்பு வேண்டும். இழுக்கப்படும் வண்டியில் உரிமம் உள்ளவர் உட்கார்ந்திருக்க வேண்டும். 2017-இல் இந்த விதிகளைப் புதிதாக எழுதினார்கள். அடிப்படை மாறவில்லை.

உரிமம் உள்ளவர் எதற்கு? எஞ்சின் ஓடாத காரில் பிரேக் கல் மாதிரி இறுகிவிடும், ஸ்டியரிங் கனக்கும். சாவியை எடுத்துவிட்டால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும். இவற்றைச் சமாளிக்கத் தெரிந்தவர் வேண்டும். பின்வண்டியில் உட்காருபவர் பயணி அல்லர், அவர்தான் முட்டுக்கட்டை. இன்னொன்று, ஆட்டோமேட்டிக் கார்களையும் மின்சாரக் கார்களையும் சக்கரம் தரையில் உருள இழுத்துப் போகாதீர்கள். உள்ளே உள்ள கருவிகள் கெட்டுவிடும். தட்டையான மீட்பு வண்டியின் மேல் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும்.

கடைசியாகத் தண்ணீர். இதில் மட்டும் இழுப்பது பற்றிய பேச்சே கிடையாது.

2021 செப்டம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் துடையூரில், ரயில்வே சுரங்கப்பாதையில் தேங்கிய மழைநீரில் ஒரு கார் சிக்கியது. காரில் இருந்த பெண் மருத்துவர் ஒருவர் உயிரிழந்தார். பெருங்கடல் இல்லை, ஆறு இல்லை. தினமும் வண்டிகள் போய் வரும் ஒரு சுரங்கப்பாதை. ஓடும் தண்ணீர் ஓர் அடி ஆழம் இருந்தால் சிறிய காரை மிதக்க வைத்துவிடும். இரண்டு அடி இருந்தால் பெரும்பாலான கார்களை அடித்துக்கொண்டு போய்விடும். மலையில் மழை பெய்தால், நம் ஓடைகளில் தண்ணீர் வர நேரம் ஆகாது. இங்கே வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே வெள்ளம் வந்து நிற்கும்.

தண்ணீரில் கார் நின்றுவிட்டால் திரும்ப ஸ்டார்ட் செய்யாதீர்கள். எஞ்சினுக்குள் தண்ணீர் போனால் எஞ்சினே போய்விடும். அதைவிட முக்கியம், நீங்கள் ஸ்டார்ட் செய்து பார்க்கும் ஒவ்வொரு நிமிடமும் தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கிறது. கண்ணாடியை இறக்குங்கள், பெல்ட்டைக் கழற்றுங்கள், பிள்ளைகளை முதலில் வெளியேற்றுங்கள், மேட்டுக்குப் போங்கள். கார் கிடக்கட்டும்.

பாரதத்தில் கர்ணன் கதை உங்களுக்குத் தெரியும். பதினேழாம் நாள் போரில் தேர்ச்சக்கரம் மண்ணில் புதைகிறது. எதிரே அர்ச்சுனன் வில்லோடு நிற்கும்போது, கர்ணன் இறங்கிச் சக்கரத்தில் கை வைக்கிறான். அவன் விழுந்தது பலம் இல்லாததால் அல்ல. எதிரில் ஆபத்து நிற்கும்போது சக்கரத்தைப் பார்த்ததால். நெடுஞ்சாலையில் நடு இரவில் நின்ற காருக்கு அடியில் குனிகிறவரும், தண்ணீர் ஏறும்போது சாவியைத் திருகுகிறவரும் அதைத்தான் செய்கிறார்கள். முதலில் ஆளை ஆபத்திலிருந்து விலக்குங்கள். சக்கரம் எங்கேயும் ஓடிவிடாது.

இப்போது வீட்டுப்பாடம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கார் டிக்கியைத் திறந்து பாருங்கள். ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா? இழுவை வளையம் எங்கே இருக்கிறது? ஒருமுறை மாட்டிப் பாருங்கள். நல்ல இழுவைப் பட்டை ஒன்று, சின்ன மண்வெட்டி, இரண்டு சாக்கு, டார்ச் விளக்கு, சிவப்பு எச்சரிக்கை முக்கோணம். கடைசியாக, ஆப்பு வடிவில் செதுக்கிய இரண்டு மரக்கட்டைகள். ஆசாரியிடம் சொன்னால் மிச்ச மரத்தில் செய்து கொடுத்துவிடுவார். உங்கள் சேம அச்சு இவ்வளவுதான்.

எங்காவது ஒரு வண்டி சிக்கி, கூட்டம் கூடி, எல்லோரும் இழு இழு என்று கத்தும்போது, 'கொஞ்சம் பொறுங்கள், கயிற்றுப் பக்கம் நிற்பவர்கள் விலகுங்கள், முதலில் கட்டையைப் போடுங்கள்' என்று சொல்கிற ஆளாக நீங்கள் இருங்கள். முட்டுக்கட்டை போடுகிறான் என்று யாராவது முணுமுணுத்தால், ஆமாம் என்று தலை நிமிர்ந்து சொல்லுங்கள்.

அடுத்த ஆடிப்பூரத்துக்கு ஊருக்கு வரும்போது பிள்ளைகளைத் தோளில் தூக்கி ஆண்டாளைக் காட்டுங்கள். கூட்டம் விலகியதும் கீழே இறக்கி, சக்கரத்தின் பக்கம் குனிந்து நடக்கும் அந்த மனிதர்களையும் காட்டுங்கள்.

எல்லோரும் நலமாக இருங்கள். மழையில் மெதுவாகப் போங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்